பழைய வளையங்கள்

என் மகள் சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை, டாக்டர். நான் கொடுத்து வைத்தவள் என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். நாளைக்கு அவள் கீழ்த்தாடையை அறுத்துப் பின்னால் தள்ளப் போகிறீர்கள். சின்ன வயதில் போட்ட கருவி ஏன் பலிக்கவில்லை என்று கேட்டீர்கள். சொல்லிவிடுகிறேன்.

எட்டு வயதில் அவளுக்குக் கீழ்த்தாடை முந்திக்கொண்டு வளர்ந்தது. அச்சு அசல் அவள் அப்பா. அவர் அப்போது உயிரோடு இல்லை. எலும்பு வளரும்போதே மேல்தாடையை முன்னால் இழுத்தால் சரியாகிவிடும், வயது தாண்டினால் கத்திதான் என்றார் பல் டாக்டர். நெற்றியிலும் மோவாயிலும் பதியும் ஒரு கம்பிச் சட்டம். மேல்பல்லிலிருந்து அதற்கு இரண்டு ரப்பர் வளையங்கள். தினமும் புதிது மாட்ட வேண்டும், பழையதில் இழுவை இருக்காது. அந்த வேலை என்னுடையது.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் மாட்டினேன். மேல்தாடை முன்னுக்கு வந்தது. ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவள் அப்பா இல்லை. அன்று குப்பைக்கூடையில் கிடந்த முந்தின நாள் வளையங்களை எடுத்துக் கழுவி மாட்டினேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. பிள்ளைக்கு வலியும் குறைந்தது, நல்லதுதானே.

அவள் ஒரு ராத்திரிகூடச் சட்டத்தைக் கழற்றவில்லை. மோவாயில் தடம் பதிந்தபடியே பள்ளிக்கூடம் போவாள். தாடையைப் பார்த்து வகுப்பில் அவளுக்குக் கரண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். கீழ்த்தாடை பழையபடி முன்னால் வந்ததும் பல் டாக்டர் அவளைத்தான் கடிந்துகொண்டார்.

"பொய் சொல்லாதம்மா. ஒழுங்கா போட்டிருந்தா இப்படி ஆகாது."

"தினமும் போட்டேன் அங்கிள். அம்மாவைக் கேளுங்க."

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ராத்திரி கழட்டிடுறாளோ என்னவோ" என்றேன்.

அவள் கண் நிறைந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது. ஆனாலும் அவள் அப்பாவின் முகத்தை நான் வேறு எங்கே போய்த் தேடுவேன்?

இதை அவளிடம் சொல்லாதீர்கள், மனசு உடைந்துபோவாள். சற்றுமுன் வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூக்கத்துல நானேதான் கழட்டியிருக்கேன் போலம்மா. உன்னை இவ்வளவு அலைய விட்டுட்டேன். மன்னிச்சுடு."

தலையைத் தடவிக்கொடுத்தேன். எப்போதோ மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.