பூட்டியிருந்த நாற்பத்தோரு வீடுகள்

அவையை ஆளும் துணைவேந்தர் அவர்களே, அறிவிலும் அன்பிலும் மூத்த ஆசான்களே, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே, ஏற்றத்தாழ்வை ஆராய வந்த என் மாணவச் செல்வங்களே! எல்லோருக்கும் வணக்கம்.

சத்தமாகவா? இதற்குமேல் தொண்டையில் இல்லை, ஐயா. முப்பது ஆண்டு புள்ளியியல் பேசித் தேய்ந்த தொண்டை. ஓய்வுக்கு இன்னும் நான்கு மாதம். களைத்துவிட்டேன்.

பொருளியலும் சமூகவியலும் சட்டமும் புள்ளியியலும் ஒன்றாய்ப் பயிலும் முதுகலைப் படிப்பு என்று மார்தட்டினோம். ஒரே கூரைதான். ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டோமா?

தையல் ஆலைக்குப் பின்தெருவில் நடக்கும் பிள்ளைக் காப்பகம் இனியும் தேவையா என்று நகராட்சி கேட்டது. மாணவர்கள் பகலில் வீடு வீடாய்ப் போனார்கள். பூட்டிய வீடா? அடுத்த வீட்டைத் தட்டு. அந்த விதி நான் வகுத்தது. சமூகவியல் மாணவி ஒருத்தி வந்தாள். "சார், பூட்டின வீட்டுக்குச் சாயங்காலம் திரும்பப் போகணும் சார்."

"அது உன் பாடம் இல்லம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

திறந்திருந்த வீடுகள் என்ன சொல்லின? "புள்ளையப் பாத்துக்க நான்தான் வீட்டுல இருக்கேனே, காப்பகம் எதுக்கு?" விழுக்காடு போட்டோம், வண்ணப்படம் போட்டோம், தேவையில்லை என்று முடிவும் போட்டோம். அந்த அறிக்கையை நம்பி நகராட்சி அடுத்த மாதம் காப்பகத்தை மூடப்போகிறது.

முந்தாநாள் என் அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். ஆலையில் தையல்காரர், இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை.

"எங்க தெருவுல யாருக்கும் காப்பகம் வேணாம்னு நீங்கதான் எழுதினீங்களாமே?"

"வந்தோம்மா. வீடு பூட்டியிருந்துச்சு."

"வேலைக்குப் போறவ வீட்டப் பூட்டாம, தொறந்து போட்டுட்டா போவா?"

சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. பழைய படிவங்களைப் பிரித்துப் பார்த்தேன். எண்பது வீட்டில் நாற்பத்தொன்று பூட்டு!

யாருக்குத் தேவையோ அவர்களையே தாண்டிப் போனோம்! யாருக்காகப் படித்தோமோ அவர்களையே விட்டுவிட்டு எண்ணினோம்! கணிதம் குறைந்ததா? கருவி குறைந்ததா? பக்கத்துத் துறைப் பெண் சொன்னதைக் கேட்க எனக்குக் காது இல்லை, அவ்வளவுதான்.

துணைவேந்தர் அவர்களே, அந்த அறிக்கையை வெளியிட உங்களை அழைக்கத்தான் என்னை மேடையேற்றினார்கள். அழைக்க மாட்டேன். கைதட்டாதீர்கள், தப்புச் செய்தவனுக்குக் கைதட்டல் எதற்கு? அதைத் திரும்பப் பெறுவதாக நகராட்சிக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். காப்பகம் தப்புமா, தெரியாது. ஞாயிறு காலை நாற்பத்தோரு வீட்டுக்கும் போகிறோம். அந்த மாணவி முன்னால் நடப்பாள். படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன்.

பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் என் நன்றி. வணக்கம்.