இரண்டு தட்டு

நாள் 17.03.2024, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.30 மணி.

என் பெயர் தெய்வநாயகி, வயது 61, கணவர் பெயர் பச்சமுத்து. ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில் உள்ள ஓட்டு வீட்டில் குடியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும். லாரி உரிமையாளர் குமரகுரு தம் லாரியைக் காணவில்லை என்று கொடுத்த புகார் தொடர்பாக, காவல் நிலையத்தில் தாங்கள் விசாரித்ததில் நான் சொல்வதாவது.

என் கணவருக்கு வயது 68. முப்பத்தெட்டு ஆண்டுகள் லாரி ஓட்டினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் மருத்துவர் மறதி நோய் என்றார். முதலில் ஊர்ப் பெயர்கள் போயின, அதன் பிறகு மகன், அதன் பிறகு நான். இப்போது என்னைப் பார்த்தால், "அம்மிணி, நீங்க யாரூட்டுப் பொண்ணுங்க?" என்று மரியாதையாகக் கேட்பார். தண்ணீர் கொடுத்தால் கும்பிட்டு வாங்குவார். குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் நான்தான். வேறு ஆள் இல்லை.

தினமும் மாலை நான்கு மணிக்கு அவருக்கு இருப்புக் கொள்ளாது. லோடு ஏற்ற நேரமாயிற்று என்று கதவைப் பிடித்து இழுப்பார். குமரகுருவின் பழைய லாரி காலையில் உள்ளூர் நடைக்குப் போய்விட்டு, பிற்பகலில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் நிற்கும். அதன் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். லாரியில் கிளீனர் தகரத்தை ஒரு முறை தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு முறை தட்டினால் போகலாம். ஏழு மாதமாக நான் அவரைச் சாவியில்லாமல் ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி, கீழே நின்று இரண்டு தட்டு தட்டுவேன். அரை மணி நேரம் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருப்பார். அதன் பிறகு ஒரு தட்டு. இறங்கி வந்து சாப்பிடுவார். அந்த அரை மணி நேரம் என் பெயர் வீரன். வீரன் என்பவர் முன்பு அவரிடம் கிளீனராக இருந்தவர். இது குமரகுருவுக்கும் தெரியும்.

நேற்றுக் காலை பெங்களூரிலிருந்து என் மகன் கௌதமன் போன் செய்தான். கோவையில் ஒரு காப்பகத்தில் இடம் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை அப்பாவைக் கொண்டுபோய் விட வேண்டும் என்றான். "உன்னால ஆகாதும்மா. ஒரு நாளைக்கி அவரு பாட்டுக்கு எங்கயாச்சும் போயிருவாரு" என்றான். நான் சரி என்றேன். அதன் பிறகு அவருடைய சட்டைகளை மடித்து வைத்தேன். ஐந்து சட்டை.

மாலை நான்கு மணிக்கு இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும், "சாவி எங்கடா வீரா?" என்றார். ஏழு மாதத்தில் அவர் சாவி கேட்டது அதுதான் முதல் முறை. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொள்ளட்டும் என்று எடுத்துவந்து கொடுத்தேன். அதன் பிறகு கிளீனர் பக்கம் ஏறி உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. இருமுறை அடித்துச் சாத்தினேன். அந்தச் சத்தத்தை இரண்டு தட்டு என்று எடுத்துக்கொண்டு அவர் வண்டியை எடுத்துவிட்டார்.

அதன் பிறகு பதினோரு கிலோமீட்டர் ஓட்டினார். கியர் மாற்றியதில் பிசகில்லை. வளைவுகளில் ஹாரன் அடித்தார். வெயில் மஞ்சளாக இருந்தது. மரவள்ளிக் கிழங்குக் காடுகள் வந்தன, போயின. பாக்கு மரங்கள். சாலை பின்னால் போகவில்லை, எங்களுக்குள் வந்துகொண்டிருந்தது. இது தேவையா என்று எழுத்தர் கேட்டார். எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

"கண்ணாடியப் பாருடா. தூங்கறதுக்கா உனக்குச் சம்பளம்?" என்று திட்டினார். பார்த்தேன். கண்ணாடியில் நான் இருந்தேன். அதன் பிறகு, "ஊட்ல ஒருத்தி இருக்கறாளே வீரா, வண்டியில ஏத்துனா வாந்தி எடுத்துருவா. இல்லீன்னா ஒரு நடை குஜராத்து காண்ட்லாவுக்குக் கூட்டியாந்து உப்பளம் காட்டியிருப்பேன்" என்றார்.

"அடுத்த நடைக்குக் கூட்டியாங்கண்ணா" என்றேன்.

நாமகிரிப்பேட்டைக்கு முன்னால் ஒரு ஜவ்வரிசி ஆலையின் களத்தில் கிழங்கு மாவு காயப் போட்டிருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. அவர் வேகத்தைக் குறைத்து, தாமாகவே வண்டியை உள்ளே திருப்பினார். முன்சக்கரம் களத்தின் ஓரத்தில் ஏறியதில் கொஞ்சம் மாவு வீணானது. மாவு தள்ளிக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் போட்டு விலகினார்கள். யாருக்கும் காயமில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, "காண்ட்லா வந்துருச்சு" என்றார். "அவ இதப் பாக்கோணும்டா" என்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலைக்காரர்கள் நிலையத்துக்குப் போன் செய்து, காவலர்கள் வரும் வரை நாங்கள் இறங்கவில்லை.

இன்று காலை என் மகன் நிலையத்துக்கு வந்து, அப்பா தாமாக வண்டியை எடுத்துப் போய்விட்டார், அம்மாவால் தடுக்க முடியவில்லை, இனி அவரை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து என்று சொல்லியிருப்பதாகத் தெரிவித்தீர்கள். அப்படி எழுதினால் நாளை அவர் காப்பகத்துக்குப் போவார்.

ஒரு தட்டு தட்டியிருந்தால் நிறுத்தியிருப்பாரே, ஏன் தட்டவில்லை என்றும் கேட்டீர்கள். பதினோரு கிலோமீட்டரும் என் கை கதவின் மேல்தான் இருந்தது.

ஆகவே கதவைப் பற்றி மேலே சொன்னதைத் திருத்திச் சொல்கிறேன். கதவு ஒரே இழுப்பில் சாத்திக்கொண்டது. அதன் பிறகு எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம். அதன் பிறகு கையை வெளியே விட்டுத் தகரத்தில் தட்டினேன். இரண்டு தட்டு. அவர் தாமாக எங்கும் போகவில்லை. வழக்கு என்றால் என் பேரில் எழுதிக்கொள்ளவும்.

எழுத்தர் வாசிக்கக் கேட்டேன். திருத்தியதோடு சேர்த்து நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தது.

(ஒப்பம்) ப. தெய்வநாயகி