துரை வராத கலைவிழா

தலைமை ஏற்றிருக்கும் பெரிய கங்காணி ஆண்டியப்பன் அவர்களே! முன்வரிசையில் துண்டை உதறி உதறிப் போட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலே வந்து நிற்கும் தாய்மார்களே! தகரக் கூரையின் கீழ்த் தவம் கிடக்கும் தங்கங்களே! இந்தத் தோட்டப் பாடசாலையின் ஒரே ஆசிரியன் யேசுரட்ணம், மீண்டும் ஒருமுறை உங்களை வணங்குகிறேன்.

காலையிலிருந்து இது எனக்கு மூன்றாவது பேச்சு. பத்து மணிக்கு வரவேற்புரை, பதினொன்றுக்கு விளக்கவுரை, இதற்கு என்ன பெயர் வைப்பது, நீங்களே சொல்லுங்கள்! பிரதம விருந்தினராகிய தோட்டத்துரை வரும்வரை பேசு என்கிறார்கள். அவர் வராமல் விளக்கேற்றுவதில்லை, விளக்கேற்றாமல் நிகழ்ச்சி இல்லை. அதுதான் தோட்டத்து வழக்கமாம்.

இன்று என்ன விழா? மாசி பிறந்தால் மலையெங்கும் முழங்கும், எரிந்த காமனுக்காக ரதி அழும் காமன் கூத்து, முதன்முதலாக நம் பாடசாலை மேடை ஏறுகிறது! ஆண்கள் சேலைகட்டி ஆடிவந்த ரதியை, ஐந்தாம் வகுப்பு நாகலெட்சுமி ஆடப்போகிறாள். மாதா படத்தைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கும் இசபெல், ரதிக்குத் தோழி. கும்பிடும் கோயில் வேறாகலாம். கும்மிக்கு எழும் கை வேறா?

ஐயையோ, கைதட்டாதீர்கள்! துரை வந்துவிட்டார் என்று வேடம் போட்ட பிள்ளைகள் ஓடிவந்துவிடுவார்கள்.

திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பூசிய அரிதாரம் வழிகிறது. பனியில் தப்பின் தோல் தளர்ந்து, தப்படிக்கும் சோலைமலை அண்ணன் மூன்றாம் முறையாக அதை நெருப்பில் காய்ச்சுகிறார்.

யார் அங்கே கை தூக்குவது? பேச்சியம்மா அக்காவா? சொல்லுங்கள்.

"மாஸ்டர், ஒரு மணிக்கு சங்கு ஊதிருவாங்க. நாங்க மலைக்குப் போயிறணுங்க. எம்மக எப்பங்க ஆடுவா?"

கேட்டீர்களா சபையோரே? நாகலெட்சுமியைப் பெற்றவர் கேட்கிறார். அடுத்த மாதம் அந்தப் பிள்ளைக்கும் கொழுந்து பறிக்கத் தோட்டத்தில் பேர் பதிகிறார்கள். பேர் பதிந்தபின் பள்ளிக்கூடம் ஏது, மேடை ஏது? இன்று பார்க்காவிட்டால் இந்தத் தாய் என்று பார்ப்பார்? மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை! நாடு சுதந்திரம் பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள். நம் கூத்தை நாம் ஆட யாருடைய உத்தரவு? ரதி அழுவதற்கும் துரை வருவதற்கும் என்ன உறவு? துரையை அழைத்தவன் நான். அவருக்காக உங்களைக் காக்க வைத்தவனும் நான். தப்பு என் தப்பு.

கங்காணி ஐயா சட்டையைப் பிடித்து இழுக்கிறார்.

"மாஸ்டர், வேணாங்க. தொரை வராம ஆரம்பிச்சா ஒங்க வேலைக்கே வெனையாப் போயிரும்."

தெரியும் ஐயா! சம்பளம் தருவது தோட்டம்தான். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெற்றவள் பாராமல் மலையேறிவிட்டால், நாளை அந்தப் பிள்ளையின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

பேச்சியம்மா அக்கா, மேடைக்கு வாருங்கள். கை கழுவ வேண்டாம். கொழுந்துக் கறையோடே வாருங்கள். விளக்கை நீங்கள் ஏற்றுங்கள். கங்காணி ஐயா, உங்கள் தீப்பெட்டி... கொடுத்துவிட்டார்! நன்றாக இருங்கள் ஐயா. விளக்கு எரிகிறது!

பொறுத்திருந்த பெரியோருக்கும், வேலையை விட்டு ஓடிவந்த தாய்மாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அதோ, வளைவில் துரையின் ஜீப் ஏறிவரும் சத்தம் கேட்கிறது. என் மாணவி ஆடப்போகிறாள். யாரும் எழுந்திருக்க வேண்டாம். வணக்கம்!