பெயர்நாள் அழைப்பு

முதல் அழைப்பு வருவதற்குள் இணைப்பைச் சரிசெய்துவிட வேண்டும் என்று, மாடிப்படிக்குக் கீழே முழங்காலிட்டு வயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எந்தப் புது மென்பொருள் வந்தாலும் வீட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. சிலர் மீன் பிடிக்கப் போகிறார்கள். எனக்கு இது.

“ஃபோட்டி, முடிச்சியா இல்லையா?” என் மனைவி ஆர்கிரோ சமையலறையிலிருந்து கத்தினாள். “அப்பா கோட்டு, டை எல்லாம் மாட்டிக்கிட்டு போன் பக்கத்துல உட்கார்ந்தாச்சு. இன்னிக்குப் பார்த்துத்தான் உன் விளையாட்டா?”

அன்று என் மாமனார் ஸ்டெலியோஸுக்குப் பெயர்நாள், அவருக்குப் பெயர் தந்த புனிதரின் திருநாள். கிரீஸில் எங்கள் வோலோஸ் ஊரில் பிறந்தநாளை மறந்தால் மன்னித்துவிடுவார்கள். பெயர்நாளுக்குக் கூப்பிடாவிட்டால் உறவே அறுந்தது என்று அர்த்தம்.

அந்த வருடம் அவர் காத்திருந்தது ஒரே ஓர் அழைப்புக்கு. மகன் பாண்டெலிஸ் ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறான். அம்மாவின் நாற்பதாம் நாள் பூசைக்கு அவன் வரவில்லை. அப்பா கத்தினார், மகனும் கத்தினான், பேச்சு நின்றுபோனது. பெயர்நாளுக்கு முந்தைய வாரம் சாப்பாட்டு மேசையில் கிழவர் சொன்னார்: “என் நாளைக்கு அவன் கூப்பிட்டுட்டா எல்லாத்தையும் மறந்துடுவேன். நானா கூப்பிட மாட்டேன். நான் அப்பன்.”

நான் அவருடைய தட்டில் ரொட்டியை வைத்தேன்.

படிக்கட்டின் கீழிருந்த பழைய கணினிதான் எங்கள் வீட்டின் சர்வர். முதலில் கோப்புகளைச் சேமிக்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். பிறகு எல்லா அறைகளிலும் படம் ஓட்டுகிற ஒன்று. அப்போது கையில் இருந்தது தொலைபேசிச் சர்வர். வீட்டுக்கு வரும் ஒவ்வோர் அழைப்பும் முதலில் அதற்குத்தான் வரும். யார் என்று என் திரையில் தெரியும். அதை என்ன செய்வது என்பது என் விருப்பம். நான் விட்டால்தான் கீழ்த்தளத்தில் மணி அடிக்கும்.

முதலில் அடித்தது அவருடைய தங்கை எவான்தியா.

“பல்லாண்டு வாழணும் அண்ணா!”

“பல்லாண்டா? அத்தனை வருஷமும் உன் பேச்சைக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?” என்று சிரித்தார் கிழவர். பிறகு என் பக்கம் திரும்பினார். “மாப்பிள்ளை, உன் பெட்டி கரகரங்குது. பாண்டெலிஸ் இருந்தா ஒரு நொடியில சரி பண்ணியிருப்பான்.”

பாண்டெலிஸுக்குக் கைபேசியில் கடிகாரத்தைத் திருத்தத் தெரியாது. இத்தனை வருடங்களாக அவருக்கு மருந்து கொடுத்தவன் நான். குளிப்பாட்டியவன், கால் நகம் வெட்டியவன் நான். கோபத்தில் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குக் கோபமே வரவில்லை. அவன் ஒரே ஒரு முறை பேசினால் போதும், நான் மறுபடி வீட்டு வேலைக்காரன் ஆகிவிடுவேன் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மதியத்துக்குச் சற்று முன் ஜெர்மனி எண் திரையில் வந்தது. கீழே மணி அடிக்கவில்லை. சற்று நேரம் கழித்து மறுபடி வந்தது. அப்போதும் அடிக்கவில்லை. அதன் பிறகு வரவே இல்லை.

விருந்தாளிகள் போன பிறகும் கிழவர் டையைக் கழற்றவில்லை.

“லைன் வேலை செய்யுதில்ல, மாப்பிள்ளை?”

“செய்யுது மாமா.”

“நல்லாப் பார்த்தியா?”

“நல்லாப் பார்த்தேன்.”

அது பொய்யில்லை. அதனால்தான் இன்றுவரை அந்தக் கேள்வியை மறக்க முடியவில்லை.

மறு வருடம் ஈஸ்டருக்கு முன்னால், நோன்புக் காலத்தில் அவர் போய்விட்டார். ஆர்கிரோ தம்பிக்குச் சேதி அனுப்பினாள். ‘நான் வந்தா அவருக்குப் பிடிக்காது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது.

“கல்லு! அப்பன் பிணத்துமேலயும் வீம்பா?” என்று அழுதாள். அடக்கத்தன்று எவான்தியா அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, “மகன்னா நீதான்டா” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்தார்கள். நிமிர்ந்தால் சவப்பெட்டி கண்ணில் படும் என்றுதான் குனிந்தேன்.

அந்த அழைப்புகளைத் துண்டித்துவிட்டேன் என்றுதானே இதுவரை நினைத்தீர்கள்? துண்டித்தால் அவன் மறுநாளும் கூப்பிடுவான். அடுத்த பேருந்தைப் பிடித்து வந்தும் நிற்பான். அவனை எனக்குத் தெரியும்.

அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. பேச்சைப் பதிவு செய்துவைத்து, குறிப்பிட்ட ஓர் எண் கூப்பிட்டால் தானாகவே ஒலிக்கச் செய்யலாம். சோதனைக்காகத்தான் பதிவு செய்ய ஆரம்பித்தேன். மின்சாரத் திட்டம் விற்கிறவன் ஒருவன் தினமும் கூப்பிட்டுக் கிழவரின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். ஒருநாள் அவர் அவனைப் பிடித்து விளாசினார். அது பதிவில் மாட்டியது. மகன் கூப்பிட்டால் எல்லாத்தையும் மறந்துடுவேன் என்று சாப்பாட்டு மேசையில் அவர் சொன்ன மறுநாள், முன்னும் பின்னும் வெட்டி, அதை ஜெர்மனி எண்ணோடு இணைத்துவைத்தேன்.

பெயர்நாளன்று அவன் கூப்பிட்டபோது ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். சோதனை என்றால் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

“அப்பா, பல்லாண்டு வாழணும்ப்பா. நான்தான்,” என்றான் பாண்டெலிஸ்.

“நீ யாருன்னே எனக்குத் தெரியாது,” என்றது அவனுடைய அப்பாவின் குரல். “இனிமே இந்த வீட்டுக்குப் போன் பண்ணாதே.”