பன்னெண்டு பேர்ல ஒருத்தி

நெயில் பாலிஷ்லாம் வேணாம் சுவேதா. சாமியார் பாத்தா என்ன நெனப்பாரு. காலு சுத்தமா இருந்தாப் போதும். குதிகால் வெடிப்புக்கு என்ன வெச்சிருக்கியோ அதப் போடு.

கடலூர்ல பார்லர் இல்லாமலா? எதுல பூந்தாலும் எங்க சர்ச்சு பங்குக்காரி ஒருத்தி புருவம் எடுத்துக்கிட்டு ஒக்காந்திருப்பா. அதான் பஸ் புடிச்சி சிதம்பரம் வந்துட்டேன். ஆறு மணிக்குப் பூசை. மூணு மணி பஸ்ஸுல ஏறிட்டாப் போதும்.

கல்யாணமா? அதெல்லாம் இல்ல. இன்னிக்குப் பெரிய வியாழன். நாளைக்கு குட் ஃப்ரைடேன்னு லீவு வுடுறாங்கல்ல, அதுக்கு மொத நாளு. ஏசு சாவறதுக்கு முந்தி சீடருங்க பன்னெண்டு பேரு காலக் கழுவுனாரு. அதனால சாமியாரும் கோயில்ல பன்னெண்டு பேர ஒக்கார வெச்சி, முட்டி போட்டு, கழுவி, தொடச்சி, முத்தம் குடுப்பாரு. ஆமா, கால்லதான். முன்னல்லாம் ஆம்பளைங்க மட்டும். இப்பப் பொம்பளைங்களும் ஒக்காரலாம்.

சிரிக்காத. பன்னெண்டு பேருமே வூட்டுல நல்லாக் கழுவிட்டுத்தான் வருவாங்க. போன வருஷம் மெக்கானிக் ஆரோக்கிய ஜெகன் கிரீஸ் போவணும்னு டீசல்ல ஊற வெச்சிட்டு வந்துட்டான். முத்தம் குடுக்கறப்ப சாமியார் மூஞ்ச நீ பாத்திருக்கணும்.

பன்னெண்டுல என் பேரு எப்டி வந்துச்சா? எங்க மாமியாரு, சவரிமேரி, வாதம் வந்து மூணு வருஷம் படுத்த படுக்கை. கையும் காலுந்தான் போச்சு, பேச்சு இருந்துச்சு. பீ, மூத்திரம், சோறு, குளியல், எல்லாம் நான்தான். மருமவள்னா நம்ம பெலிசியாதான்னு பங்கே சொல்லும். தை மாசம் செத்துப்போனாங்க. அப்பறம் பாத்தா பன்னெண்டு பேர்ல என் பேரும் இருக்கு. நான் அதுக்கு ஆளில்ல சாமின்னேன். தாழ்ச்சி, அடக்கம்னு நெனச்சிக்கிட்டு மைக்குல வேற சொல்லிட்டாரு.

அழுத்தியே தேயிம்மா, வலிக்கல.

ஒரே ஒரு நாளு. மத்தியானம். மூணாவது தடவையா அவுங்களுக்குத் துணி மாத்திட்டுத் திரும்பறேன், மறுபடியும் போயிட்டாங்க, கட்டில்லேந்து சரிஞ்சி கீழயும் வுழுந்துட்டாங்க. எழுந்திரிங்கன்னேன். அவுங்களால எப்டி முடியும்? ஒதச்சேன். இடுப்புல. அப்பறம் தூக்கிப் படுக்க வெச்சி, கழுவி வுட்டு, கஞ்சி குடுத்தேன். குடிச்சாங்க. யாருகிட்டயும் சொல்லல. எங்க வூட்டுக்காரருக்கே தெரியாது.

வெளியூரு சாமியாருங்க மூணு பேருகிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். மூணு பேரும் ஆண்டவர் மன்னிச்சிட்டாரு, போங்கன்னாங்க. இருக்கும். அவுரு மன்னிச்சிருப்பாரு. அதுக்குன்னு இந்தக் காலக் கொண்டுபோயி அவுரு பீடத்து முன்னாடி நீட்ட முடியுமா?

ஞாயித்துக்கெழம மறுபடியும் போயி என் பேர எடுத்துடுங்க சாமின்னேன். முடியாதும்மா, அது நானாப் போட்ட பேரில்ல, சாவறதுக்கு முந்தி நற்கருணை அப்பம் குடுக்கப் போனப்ப ஒங்க மாமியாரு கேட்டுக்கிட்டதுன்னாரு. என்ன கேட்டாங்கன்னேன். பெரிய வியாழக்கெழம எம் மருமவ கால நீங்க கழுவணும் சாமின்னாங்களாம். அவ்ளோதான். வேற ஒண்ணும் சொல்லலியாம்.

சாமியார் வலது கால மட்டுந்தான் கழுவுவாரு. அது எங்க மாமியாருக்கும் தெரியும், நாப்பது வருஷமா மொத வரிசையில ஒக்காந்து பாத்தவங்க.

எடது வேணாம் சுவேதா, வுட்டுடு. அது ஒண்ணும் பண்ணல.