எருமையின் வாலுக்குக் கீழே ஒரு துளை

மேடையில் அமர்ந்திருக்கும் டீச்சர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், டிரைவர் மாமாவின் ஒரே மகளான அக்கா அவர்களே, பேருந்துப் பணிமனையிலிருந்து சீருடையோடு வந்திருக்கும் அண்ணன்மார்களே, கைக்குட்டையை மறந்துவிட்டு மண் துடைக்கிற துணியிலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டிருக்கும் களிமண் வகுப்புத் தோழர்களே, வணக்கம்.

"ரெண்டே நிமிஷம் பேசு. சிரிப்பு காட்டாத" என்று சொல்லித்தான் டீச்சர் என்னை மேடை ஏற்றினார். இரண்டாவது நிபந்தனையை மீறும் நிலையில் இன்று நான் இல்லை. ஏன் என்று சொல்லாமல் இறங்க மாட்டேன்.

நம் டிரைவர் மாமா யார்? முப்பத்துநான்கு ஆண்டுகள் பேருந்து ஓட்டி, ஒரு கோழியைக்கூட இடிக்காமல் ஓய்வு பெற்றவர். அடுத்த வாரமே இந்த வகுப்பில் சேர்ந்து, என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர். அவருக்கு அறுபது, எனக்குப் பதினாறு. ஆனாலும் வகுப்பில் நான் நான்கு மாதம் சீனியர். அதை நான் அவரை ஒருநாளும் மறக்க விட்டதில்லை.

முதல் நாள் களிமண்ணைக் கயிறு போல உருட்டித் திரி செய்யச் சொன்னார் டீச்சர். மாமாவின் திரி ஒரு முனையில் சுண்டுவிரல், மறுமுனையில் கால் கட்டைவிரல். "செம உருட்டு மாமா" என்றேன். எங்கள் பேச்சில் உருட்டு என்றால் புளுகு என்று பாவம் அவருக்குத் தெரியாது. "தேங்க்ஸ்மா" என்றார். மூன்று வாரம் கழித்து யாரோ அர்த்தம் சொல்லிவிட்டார்கள். அன்று நான், பரீட்சைக்குப் படித்து முடித்துவிட்டேன் என்று டீச்சரிடம் அளந்துகொண்டிருந்தேன். மாமா தலை நிமிராமலே கேட்டார்: "இது எத்தனை அடித் திரி, வாலு?"

வாலு என்பது அவர் எனக்கு வைத்த பெயர். இந்த அரங்கில் பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயர் தெரியாது.

எல்லோரும் யானை, குதிரை என்று செய்தபோது அவர் ஏன் எருமை செய்தார்? கடைசி நாள் பணியில் ஓர் எருமை நடுச்சாலையில் நின்றதாம். ஹாரன் அடித்தாராம். இறங்கிப் போய்க் கும்பிட்டும் பார்த்தாராம். "அது என்னையப் பாத்துச்சு வாலு. முப்பத்துநாலு வருஷம் நான் நிமிஷக் கணக்கு பாத்து ஓடியிருக்கேன். அது மூஞ்சில அவசரமே இல்ல. அந்த மூஞ்சிய செஞ்சே ஆகணும்" என்றார்.

செய்தார். ஒரு நாளைக்கு மூன்று திரிக்கு மேல் அடுக்க மாட்டார். ஓரத்தைக் கீறி, மண்கூழ் தடவி, திரியை வைத்து, உள்பக்கம் விரலால் இழைத்து, வெளிப்பக்கம் மரத்துண்டால் தேய்த்து, ஈரத்துணி போர்த்திவிட்டு எழுந்துவிடுவார். கீழ்த்திரி கொஞ்சம் இறுகினால்தான் மேல்திரியைத் தாங்கும். நான் ஒரே நாளில் பதினைந்து திரி அடுக்கி ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தை எழுப்பினேன். மறுநாள் அது தன் கால் குளம்பையே முகர்ந்துகொண்டிருந்தது. "ஆக்சிடென்ட் கேஸு மாதிரி இருக்குடி" என்று சிரித்துவிட்டு, இடிந்த மண்ணை எனக்கு முன்னால் அவரே பிசைய ஆரம்பித்தார்.

பதினொரு வாரம். வயிறு மூடியது, முதுகு மூடியது, தலையும் வாலும் ஏறின. அதோ, அவர் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதே, அதுதான்.

இனி நான் சொல்லப்போவது இரங்கல் உரையில் யாரும் சொல்லாதது.

உள்ளே வெற்றிடமாக இருக்கும் உருவத்தைச் சுடும்போது, மண்ணில் மிஞ்சியிருக்கும் ஈரம் ஆவியாகும். அது வெளியேற வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் வெடிக்கும். அதற்காக மாமா வாலுக்குக் கீழே, இயற்கை வைத்த அதே இடத்தில், ஒரு துளை வைத்தார். செவ்வாய்க்கிழமை டீச்சர் பார்த்துச் சரி என்றார்.

புதன்கிழமை அந்தத் துளையை நான் அடைத்தேன்.

ஈர மண்ணை உள்ளே திணித்து, சுவடு தெரியாமல் வழித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வகுப்பில் "மாமா, உங்க எருமைக்கு மூணு நாளா மலச்சிக்கல்" என்று சொல்ல வேண்டும். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வாலுக்கடியில் தேட வேண்டும். இதுதான் திட்டம். வியாழக்கிழமை காலை பல் தேய்க்கப் போன இடத்தில் விழுந்த மாமா எழவே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை என் பெஞ்சில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அன்றே சொல்லியிருக்கலாம் அல்லவா? அழுதுகொண்டிருக்கும் வீட்டில் போய் மலச்சிக்கல் என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் ஓடிவிட்டது. இன்று காலை அக்கா டீச்சரிடம் சொன்னதை வாசலில் நின்று கேட்டேன். "அப்பா எப்படி விட்டுட்டுப் போனாரோ அப்படியே சூளைக்குப் போகட்டும் டீச்சர். அவர் கை பட்ட இடத்துல வேற யாரும் கை வைக்க வேணாம்."

அக்கா, அவர் விட்டுச்சென்றபடி அது இல்லை. அவர் கை கடைசியாகப் பட்ட இடத்தில் என் கை பட்டிருக்கிறது.

இந்தக் கூட்டம் முடிந்ததும் அது சூளைக்குப் போகிறது. ஏற்கெனவே உள்ளே பதினேழு பேரின் வேலை அடுக்கியிருக்கிறது. இப்படியே போனால் எருமையும் இருக்காது, பக்கத்தில் இருப்பவையும் இருக்காது. இப்போது மண் எலும்பு மாதிரி காய்ந்து இறுகிவிட்டது. தவறான இடத்தில் குத்தினால் முதுகுவரை விரிசல் ஓடும். சுவடு தெரியாமல் வழித்துவிட்டதால், சரியான இடம் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

டிரைவர் மாமாவின் பணியைத் தொடர்வோம் என்று முன்னால் பேசிய எல்லோரும் உறுதி அளித்தீர்கள். நான் அவ்வளவு பெரிய உறுதி அளிக்க மாட்டேன். ஒரே ஒரு துளையைத் திரும்பத் திறந்து தருவேன்.

மெல்லிய துளைக்கம்பி ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் உங்கள் அனுமதி இல்லாமல் தொட மாட்டேன், அக்கா. வேண்டாம் என்றால் சூளையில் வைக்க விடாமல் உங்கள் வீட்டுக்கே சுமந்து வந்து தருகிறேன். சுடாத மண்ணாக இருக்கும். ஒரு வாளித் தண்ணீர் பட்டால் கரையும். ஆனால் முழுதாக இருக்கும். திறக்கலாம் என்றால், இடத்தை நான் காட்டுகிறேன், கம்பியை நீங்கள் திருகுங்கள். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதற்கு இன்று நேரமும் இல்லை. வாய் திறந்து சொல்லக்கூட வேண்டாம். எழுந்து வந்தால் போதும்.

அக்கா?

அக்கா எழுந்துவிட்டார். டீச்சர், அந்த மேசை விளக்கைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். அண்ணன்மார்களே, மின்விசிறியை நிறுத்துங்கள். பெரியோர்களே, உரையைப் பாதியில் நிறுத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இடத்தைச் சரியாகக் காட்ட வேண்டுமென்றால் என் வாய் மூடியிருக்க வேண்டும்.