முன்பணத்துக்கு ஒரு கார்டு

ரொக்கமாகப் பணம் கட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். வரவேற்பு மேசையில் வேலை செய்கிற பலருக்குப் பிடிக்காது. நோட்டை எண்ண வேண்டும், விளக்கில் பிடித்துப் பார்க்க வேண்டும், முன்பணத்தைத் தனி உறையில் போட வேண்டும், கிளம்பும்போது அறையைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கார்டு என்றால் ஒரு தேய்ப்பு, முடிந்தது. ஆனால் கார்டு கொடுப்பவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ரொக்கம் கொடுப்பவர் பார்ப்பார். நான் ஏதாவது கேட்டுவிடுவேனோ என்று பார்ப்பார். நான் கேட்டதில்லை.

இந்த லாஃப்ளின் ஆற்றங்கரையில் எந்தச் சூதாட்ட விடுதிக்குப் போனாலும் இதே ஆட்கள்தான். எங்கள் சில்வர் ஹெரானிலும் அப்படியே. மெஷினில் ஜெயித்த பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோக மனமில்லாதவர்கள். வங்கி கார்டை முடக்கிவிட்ட லாரி ஓட்டுநர்கள். மனைவி வங்கிக் கணக்கை வரி வரியாகப் படிப்பாள் என்று பயப்படுகிற தேவாலயப் பெரியவர்கள். எப்போதாவது, கட்டிடத்துக்குள் வந்த பிறகும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஒரு பெண், ஒரே ஒரு பையோடு. அப்படிப்பட்டவர்களுக்குத் தரைத்தள அறை தரமாட்டேன். லிஃப்டுக்குப் பக்கத்தில், மேலே தருவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை.

பக்கத்து மேசை லிகாயா கேலி செய்வாள். "நீ பாதிரியாராப் போயிருக்கலாம் வெர்னா. பாவமன்னிப்புக்கு வர்ற மாதிரி எல்லாரும் உன் வரிசையிலயே நிக்குறாங்க பாரு."

கோரின் என்கிற அந்தப் பெண்ணும் வெள்ளிக்கிழமை மதியம் என் வரிசையில்தான் நின்றாள்.

கேமராவில் பார்த்திருப்பீர்கள். மேசைக்கு மேலே இருக்கிற கேமரா நல்ல கேமரா. நோட்டின் எண்கூடத் தெரியும். ஆனால் ஒலி கிடையாது. நான் சிரித்த முகமாக இருப்பதும், அவள் ரொக்கத்தை நீட்டுவதும், பிறகு தயங்கி ஒரு கார்டைக் கொடுப்பதும், நான் தேய்ப்பதும் தெரிந்திருக்கும். அதனால்தான் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் உங்கள் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். என்ன பேசினோம் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் அவள் யார் என்று சொல்ல வேண்டும்.

என் தங்கை ஷெல்பி சீட்டு மேசையில் சீட்டுப் போடுகிறவளாக இருந்தாள். இந்த ஆற்றங்கரையில் அவள் கைகளைப் பார்ப்பதற்காகவே தோற்க வந்தவர்கள் உண்டு என்று சொல்வார்கள். மூன்று வருடத்துக்கு முன், வேலை முடிந்து பாலத்துப் பக்கம் நடந்து போனவளை ஒரு பிக்கப் வண்டி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. இடுப்பு ஓரளவு தேறியது. கைகள் தேறவில்லை. விரல்கள் முழுதாக மடங்காது. கரண்டியைப் பிடிக்க ஒரு பட்டை கட்ட வேண்டும். சாவியைத் திருப்ப முடியாது. சட்டைப் பொத்தான் போட முடியாது. காலையில் நான் போட்டுவிடுவேன், கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு வேலைக்கு வருவேன். விடாமல் பழகிக்கொண்டே இருந்தால் விரல்கள் கொஞ்சம் திரும்பும் என்று மருத்துவர் சொன்னார். நான் பழக்கினேன்.

வண்டி ராய்ஸ் என்பவருடையது. வண்டியை யாரோ திருடிவிட்டார்கள் என்றார். விசாரணைக்கு எடுக்கலாமா என்று முடிவு செய்கிற நாளில் அவருடைய மனைவி சாட்சி சொன்னாள். அதுதான் கோரின். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீல உடுப்பு, சின்னக் குரல்.

"அன்னைக்குச் சாயங்காலம் அவர் வீட்டைவிட்டு எங்கயும் போகல. கொல்லையில விலாக்கறி வாட்டிட்டிருந்தார்" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, "ரெண்டாவது தட்டுக் கறியைக் கருக்கிட்டார்" என்றாள்.

நீதிபதிகூடச் சிரித்தார். வழக்கு அங்கேயே தள்ளுபடியானது. வேறு சாட்சி கிடைத்தால் மறுபடி தொடுக்கலாம் என்றார்கள்.

அந்த இரண்டாவது தட்டைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். முதல் வாக்கியம் மட்டும் இருந்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கருகிய கறியைத்தான் நம்பினார்கள். பொய்யோடு ஒரு சின்ன உபயோகமில்லாத விவரத்தைச் சேர்த்தால் அது நிற்கும். அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

இனி வெள்ளிக்கிழமை.

அவள் கைப்பையிலிருந்து எடுத்த நோட்டுகளில் நாய்த் தீனி வாசம் வந்தது. தீனி மூட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தாளாம். மளிகைக் கடையில் சாமான் வாங்கும்போது கார்டில் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கச் சொல்லி மிச்சத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்வாளாம். வங்கிக் கணக்கில் மளிகை என்று மட்டும்தான் தெரியும். ராய்ஸ் நாய்க்குத் தீனி போட்டதே இல்லை, அதனால் மூட்டையைத் தொடமாட்டார். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே, கன்னத்தில், பழைய மஞ்சளும் புதிய நீலமும் இருந்தன.

"திங்கக்கிழமை காலைல வரைக்கும் ரூம் வேணும். எல்லாம் ரொக்கமா தந்துடறேன். முன்பணமும் கொண்டுவந்திருக்கேன்" என்றாள்.

எங்கள் விதி என்ன என்று நீங்கள் மேலாளரிடம் கேட்டிருப்பீர்கள். கார்டு கொடுத்தால் ஒரு தொகையை நிறுத்தி வைப்போம். கார்டு இல்லாதவரிடம் அதற்குப் பதிலாக முன்பணம் ரொக்கமாக வாங்கலாம். மேசையில் இருப்பவரே தீர்மானிக்கலாம். நான் எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்திருக்கிறேன்.

"ஒரு கார்டும் வேணுமே" என்றேன்.

"ரொக்கமே போதும்னு சொன்னாங்களே."

யார் சொன்னது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

"மத்த நாள்ல போதும். இது படகுப் பந்தய வாரம். போன வருஷம் ரூமெல்லாம் உடைச்சுட்டுப் போயிட்டாங்க. அதனால இந்த வாரம் கார்டு இல்லாம மெஷின் சாவியே தராது."

அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"எங்கிட்ட இருக்கிறது அவரோட சேர்ந்த கணக்குக் கார்டுதான். தேய்ச்சா அவர் போனுக்குச் செய்தி போகுமா?"

"போகாது" என்றேன். "பணம் எடுத்தாத்தான் போகும். நாங்க எடுக்கறதில்ல, சும்மா தொட்டுப் பார்க்கறோம். அதுவும் எங்க பேர்ல வராது. பீனிக்ஸ்ல இருக்கிற ஆபீஸ் பேர்ல ஒரு நம்பராப் போகும். அங்க ஒரு கிழவி இருக்கா, திங்கக்கிழமைதான் கம்ப்யூட்டரையே திறப்பா."

பீனிக்ஸில் எங்களுக்கு அலுவலகம் கிடையாது. கிழவியும் கிடையாது. கோரின் சிரித்தாள். கார்டைக் கொடுத்தாள். நான் தேய்த்தேன். லிஃப்டுக்குப் பக்கத்தில், நல்ல அறைதான் கொடுத்தேன்.

செய்தி எவ்வளவு நேரத்தில் போகும் என்று எனக்குத் தெரியும். விடுதியின் பெயரோடு போகும் என்றும் தெரியும். நானே என் கார்டில் சோதித்துப் பார்த்திருக்கிறேன், வேறு எப்போதோ, வேறு காரணத்துக்காக. வெள்ளிக்கிழமை ராய்ஸ் வரவில்லை. குடித்திருப்பார், பார்த்திருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பதற்றம் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய் ஷெல்பிக்குச் சூப் ஊட்டினேன்.

சனிக்கிழமை காலை உணவு நேரத்தில் ராய்ஸ் வந்தார். கையில் பூங்கொத்து. விலைச் சீட்டைக் கிழிக்கவில்லை.

"குட் மார்னிங் மேடம். என் பொண்டாட்டி இங்க ரூம் போட்டிருக்கா. சின்னச் சண்டை, கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. எந்த ரூம்னு சொன்னீங்கன்னா போய்ச் சமாதானம் பண்ணிடுவேன்."

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. என் தங்கையையே அவர் பார்க்கவில்லையே.

"தங்கியிருக்கறவங்க விவரம் யாருக்கும் சொல்றதில்ல சார்."

"புரியுது, புரியுது. இங்க உக்காந்திருக்கலாமா?"

"இது கேசினோ சார், யார் வேணா உக்காரலாம். லிஃப்டுக்கு எதிர்த்தாப்ல பைசாவுக்கு ஆடற மெஷின் இருக்கு பாருங்க, அங்க நாற்காலி நல்லா இருக்கும்."

அவர் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். லிகாயா என் பக்கம் சாய்ந்தாள்.

"அந்தாளு பூவைப் பிடிச்சிருக்கிறதைப் பார்த்தியா? கோழி கழுத்தைப் பிடிச்ச மாதிரி இருக்கு. செக்யூரிட்டியைக் கூப்பிடவா?"

"பூ கொண்டுவந்தவன் மேல புகாரா? உனக்கு யாரும் வாங்கித் தரலைன்னு பொறாமை."

"என் வீட்டுக்காரர் வாங்கித் தந்தா, நான் முதல்ல போலீசைத்தான் கூப்பிடுவேன்" என்றாள். இருவரும் சிரித்தோம். அதுவும் கேமராவில் இருக்கும்.

லிகாயாவுக்கு ஒன்றும் தெரியாது. அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அவள் காபி எடுக்கப் போனதும் கோரினின் அறைக்குப் போன் செய்தேன். விருந்தினரின் அறை எண்ணை நாங்கள் யாருக்கும் தருவதில்லை. நாங்கள் விருந்தினரைக் கூப்பிடலாம்.

"நல்ல செய்தி. மேலாளர் ஒத்துக்கிட்டார், ரொக்கமே போதுமாம். முன்பணத்தை எடுத்துக்கிட்டுக் கீழ வாங்க, உங்க கார்டை இப்பவே நீக்கிடறேன்" என்றேன்.

"நெசமாவா? ராத்திரி பூரா அதை நினைச்சுத் தூங்கவே இல்ல" என்றாள். பிறகு, "நீங்க ரொம்ப நல்லவங்க வெர்னா" என்றாள்.

லிஃப்ட் திறந்தபோது நோட்டுகள் அவள் கையிலேயே இருந்தன. கண்ணாடி போட்டிருக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் வந்தாள், அதனால் பக்கவாட்டில் பார்க்கவில்லை. மற்றதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பூங்கொத்தை முதலில் நாற்காலியில் வைத்தார், கவனித்தீர்களா? துப்பாக்கிச் சத்தம் கேட்டும் பைசா மெஷின்காரர்களில் ஒருவர் திரும்பவில்லை. ஆட்டத்தின் நடுவில் இருந்திருப்பார்.

நோட்டுகளைக் கம்பளத்திலிருந்து லிகாயா பொறுக்கினாள். அழுதுகொண்டே என்னிடம் கொடுத்தாள். உறையில் போட்டு கோரினின் பெயரை எழுதி வைத்தேன். உறவினர் யாராவது அடையாள அட்டையோடு வந்தால் தந்துவிடுவார்கள்.

ராய்ஸ் இனி வெளியே வரமாட்டார் என்று சொல்கிறார்கள். ஒரே தேய்ப்பில் இருவரும். ஆனால் இது அவருடைய குற்றமாக மட்டும் எழுதப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. செய்தி தன் போனுக்குத் தற்செயலாக வந்தது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அதனால் வந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி. ரொக்கம் போதும் என்று அவளுக்குச் சொன்னது யார் என்பது.

வெள்ளிக்கிழமை மேசைக்கு வந்ததும் அவள் சொன்ன முதல் வாக்கியம் இது: "ஷெல்பிதான் உங்ககிட்டப் போகச் சொன்னா."

மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். திங்கட்கிழமை அரசு வக்கீலைப் பார்க்கப் போவதாகவும், அன்றைக்கு நடந்த உண்மையைச் சொல்லப் போவதாகவும், ஷெல்பியும் கூட வருவதாகவும் சொன்னாள். பொய்ச் சாட்சிக்காக அவள்மேல் வழக்குப் போடமாட்டார்களாம், பேசி வைத்திருக்கிறார்களாம். ஷெல்பி வீட்டில் தங்கினால் ராய்ஸ் முதலில் அங்கேதான் தேடுவார். "எங்க அக்கா ஒரு கேள்வி கேக்கமாட்டா, ரொக்கம் வாங்கிக்கிட்டு ரூம் தருவா" என்று ஷெல்பி சொன்னாளாம்.

எனக்கு எதுவும் தெரியாமல் இருந்தது. சில மாதங்களாக, நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு கோரின் எங்கள் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்திருக்கிறாள். ஷெல்பி ஜன்னல் வழியாகச் சாவியைத் தள்ளிக் கொடுப்பாளாம். "நான் ஒண்ணும் பெருசா செய்யல. துணி மாத்திவிடுவேன், தலை வாரிவிடுவேன், பேசிட்டிருப்போம்" என்றாள்.

அந்தச் சில மாதங்களாக நான் வீட்டுக்குப் போகும்போது ஷெல்பி வேறு சட்டை மாற்றியிருப்பாள். பொத்தான்கள் எல்லாம் சரியாகப் போட்டிருக்கும். நீயா போட்டாய் என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினாள். முதல் தடவை அதைப் பார்த்த அன்று நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். விரல்கள் திரும்புகின்றன என்று மருத்துவருக்குப் போன் செய்து சொன்னேன். அவர்கூட ஆச்சரியப்பட்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கோரின் துணி மாற்றிவிடுவேன் என்று சொன்னபோது, நான் "ஒரு கார்டும் வேணுமே" என்றேன்.

ஒருவர் ஒரு கையை உடைத்தவரைப் பொய் சொல்லிக் காப்பாற்றிவிட்டு, பிறகு வந்து அந்தக் கைக்குப் பொத்தான் போட்டுவிட்டு, திங்கட்கிழமை அழுது, எல்லோரும் அணைத்துக்கொள்ள, புதிதாக வாழப் போவது நியாயமில்லை. ஷெல்பி மன்னித்திருக்கலாம். அவள் இளகிய மனசுக்காரி. அவளுக்காகக் கணக்குப் பார்க்க ஒருவர் வேண்டும், அது எப்போதும் நான்தான்.

சனிக்கிழமை மாலை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. "உண்மையைச் சொல்ல இருந்த ஒரே ஆள் அவதான், வெர்னா" என்று மட்டும் சொன்னாள். அது எனக்கும் தெரியும். இனி அந்தப் பிக்கப்பை யார் ஓட்டினார்கள் என்று எந்த ஏட்டிலும் வராது. ஆனால் ராய்ஸ் உள்ளேதானே இருக்கப் போகிறார், எதற்காக என்பது முக்கியமா?

நான் குப்பை கொட்டப் போய்விட்டுத் திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது. உள் தாழ்ப்பாள், அந்தக் கனமான பழைய தாழ்ப்பாள், நானே இரண்டு கையால் தள்ளுவேன். அதைப் போட்டிருக்கிறாள். உள்ளே அவளைத் தவிர யாரும் இல்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றிலிருந்து காரில்தான் தூங்குகிறேன். இந்த மாதத்தில் இரவு இதமாகத்தான் இருக்கிறது. தினமும் கதவைத் தள்ளிப் பார்க்கிறேன், தினமும் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது.

மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை நிஜமாகவே விரல்கள் திரும்பிவிட்டன.